எதிர்ப்பக்கம் மடிந்த இலை

கனகரட்ணம் அங்கிள் இன்றைக்கும் இலையை எதிர்ப்பக்கமாகவே மடித்துவிட்டு எழுந்து போனார்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த பிரிஜிட் காசு எண்ணுவதை நிறுத்திவிட்டு அந்த இலையையே பார்த்தாள். சாப்பிட்ட இலையைத் தன் பக்கம் மடித்தால் மனம் நிறைந்தது என்று பொருள். எதிர்ப்பக்கம் மடிப்பதெல்லாம் துக்க வீட்டில். மலேசியாவில், மலாக்கா பக்கத்து ஜாசினில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கடைக்கு வரும் சீனர்கள்கூட ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டு சரியாக மடித்துவிடுகிறார்கள். யாழ்ப்பாண வழிவந்த, பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற மனிதருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் மடிக்கிறார்.

வேறு யாராவது மடித்திருந்தால் பிரிஜிட் கண்டுகொண்டிருக்கமாட்டாள். ஆனால் கனகரட்ணம் ஒரு சங்கத்துக்குத் தலைவர். அந்தச் சங்கத்தார் மாதந்தோறும் கூடி ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அந்தச் சாப்பாட்டை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்யத்தான் புதன்கிழமைதோறும் வந்து சாப்பிட்டுப் பார்க்கிறார். புக்கிட் காத்திலிலிருந்து மகன் காரில் கொண்டுவந்து விடுவான். இந்த ஆர்டர் கிடைத்தால் காலியாகக் கிடக்கும் பக்கத்துக் கடையையும் எடுத்து, நடுச்சுவரை இடித்து, பிரிஜிட் தன் கடையைப் பெரிதாக்கிவிடலாம். கட்டடத்துக்குச் சொந்தக்காரரான தவுக்கே இன்னும் எத்தனை நாள் காத்திருப்பது என்று வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

"சாப்பாடு எப்படி அங்கிள்?" என்று இன்றைக்கு அவர் எழுவதற்கு முன் வாய்விட்டே கேட்டிருந்தாள்.

"நல்லா இருக்கு பிள்ளை," என்று சொல்லிவிட்டு அவர் இலையை எதிர்ப்பக்கம் மடித்தார். அதற்கு முன் ரசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்திருந்தார் என்பது தனிக்கதை.

பிரிஜிட்டின் கணவர் பாக்கியசாமி அண்மையில்தான் மலாக்கா ஹோட்டல் ஒன்றில் வியாபாரத்தை வளர்ப்பது எப்படி என்ற இலவச வகுப்புக்குப் போய்வந்திருந்தார். பகலுணவும் இலவசம் என்பதால் ஒரு நிமிடம்கூடத் தூங்காமல் கேட்டிருக்கிறார். அதிலிருந்து அவர் வாயில் 'ஃபீட்பேக்' என்ற சொல் வெற்றிலை மாதிரி மெல்லப்பட்டுக்கொண்டே இருந்தது.

"வாயி மரியாதைக்குச் சொல்லும், இலை சொல்லுமா? இலைதான் உண்மையான ஃபீட்பேக். காரம் ஒத்துக்கல லா அவருக்கு," என்றார்.

மறுவாரம் காரம் குறைந்தது. லாரிக்காரர்கள் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, கடையில் யாருக்காவது காய்ச்சலா என்று விசாரித்தார்கள். கனகரட்ணம் ஒன்றும் விசாரிக்கவில்லை. எதிர்ப்பக்கம் மடித்தார்.

பாக்கியசாமி மறுபடி யோசித்தார். அவர்கள் ஊர்ப் பக்குவமே வேறு, நம் மசாலை அவர்களுக்கு எப்படிப் பிடிக்கும் என்றார். எங்கேயோ போய் யாழ்ப்பாணத்துக் கறித்தூள் வாங்கிவந்தார். தேங்காய்ப்பால் சொதி எப்படி வைப்பது என்று கைப்பேசியில் ஒரு வீடியோவைப் போட்டு, அடுப்படியில் பெத்தம்மாள் அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார். கடை திறந்த நாளிலிருந்து அந்த அடுப்பு பெத்தம்மாளுடையது. அவள் வீடியோவை முழுக்கப் பார்த்தாள், சொதியும் வைத்தாள், ஆனால் வைத்த விதத்திலேயே அவள் மனசு தெரிந்தது. சொதி திரிந்து போயிருந்தது. கனகரட்ணம் அதைத் தொடவேயில்லை. பழைய குழம்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல எதிர்ப்பக்கம் மடித்தார்.

இதிலிருந்து பாடம் கற்றுக்கொள்ளும் ஆள் இல்லை பாக்கியசாமி. வயசான மனிதர், உப்பும் எண்ணெயும் ஆகாது, அதுதான் விஷயம் என்று கண்டுபிடித்தார். அடுத்த புதன்கிழமைக்குப் பழுப்பரிசிச் சோறு, வேகவைத்த கேரட், உப்பில்லாத பருப்பு, எண்ணெய் காட்டாத கத்தரிக்காய் என்று உத்தரவு போட்டார். பெத்தம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "உப்பு போடணும்னு தோணுறப்ப கூப்பிடுங்க, வர்றேன்," என்று சொல்லிவிட்டு புலாவ் செபாங்கிலிருக்கும் மகள் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

பிரிஜிட்டே சமைத்தாள். ருசி பார்த்தபோது அவளுக்கே அழுகை வந்தது. இருந்தாலும் இலை போட்டுப் பரிமாறினாள்.

கனகரட்ணம் ஒரு வாய் வைத்தார். பிரிஜிட்டை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து மெதுவாக, மருந்து சாப்பிடுவதுபோல, பாதிச் சோற்றைச் சாப்பிட்டார். ரசம் கேட்கவில்லை. இலையைப் பிடித்தார்.

தன் பக்கமாக மடித்தார்.

பிரிஜிட் கல்லாவை விட்டு எழுந்தே விட்டாள். அவர் போனதும் யாரையும் அந்த இலையைத் தொட விடவில்லை. பாக்கியசாமியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் அதைப் படம் எடுத்து, வகுப்பு நடத்தியவருக்கே அனுப்பிவைத்தார். அன்று சாயங்காலமே தவுக்கேயிடம் போய்ப் பக்கத்துக் கடையை எடுத்துக்கொள்கிறோம் என்று வாக்கும் கொடுத்தாயிற்று. பிடித்த பக்குவம் தெரிந்துவிட்டதால் அதையே எல்லாருக்கும் போட்டார்கள். லாரிக்காரர்கள் சண்டை எதுவும் போடவில்லை. எதிர்ச்சாரி மலாய்க்காரர் கடைக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த புதன்கிழமை கனகரட்ணம் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை.

பிரிஜிட்டுக்குத் தூக்கம் போயிற்று. ஒரு கடை காலியாகிக்கொண்டிருக்கிறது, இன்னொரு கடைக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. பாக்கியசாமியிடம் ஃபீட்பேக் கேட்டாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பால் வாங்கக் கிளம்பிவிட்டார். வீட்டில் பால் இருந்தது.

அன்று மத்தியானம் ஆளில்லாத கடைக்குள் கனகரட்ணத்தின் மகன் நிர்மலன் தனியாக வந்தான். எப்போதும் வெளியே காரிலேயே உட்கார்ந்திருப்பவன், உள்ளே வந்து நாற்காலியில் உட்காராமல் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, பழைய சமையல்காரம்மா வந்துட்டாங்களா? அப்பா பாத்துட்டு வரச் சொன்னாரு," என்றான்.

எதற்கு என்று பிரிஜிட் கேட்டாள். அவன் விவரத்தைச் சொன்னான். சங்கத்துச் சாப்பாடு இந்தக் கடைக்குத்தான் என்று அப்பா வந்த முதல் நாளே முடிவு செய்துவிட்டாராம். அதைச் சொன்னால் சாப்பிட்டுப் பார்க்க வருகிற சாக்குப் போய்விடும் என்று வாரத்தைக் கடத்திக்கொண்டிருந்தாராம். அவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. வீட்டில் அம்மா கிருஷ்ணகுமாரி பழுப்பரிசியும் வெந்த கேரட்டும் தவிர வேறெதையும் கண்ணில் காட்டுவதில்லை. சங்கக் கூட்டம் என்று பொய் சொல்லிவிட்டு ஜாசின் வரைக்கும் வந்த மனிதருக்கு, அதே கேரட்டை இங்கேயும் இலையில் பார்த்ததும் மனசு விட்டுப் போய்விட்டதாம். பழைய சமையல் திரும்பினால் அடுத்த மாதச் சாப்பாட்டிலிருந்தே ஆரம்பித்துவிடலாம், இருநூறு பேருக்கு, காரம் குறையாமல்.

பிரிஜிட் உடனே கைப்பேசியை எடுத்துப் பெத்தம்மாளை அழைத்தாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஒன்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை.

"அவ்ளோ பிடிச்சிருந்தா வாராவாரம் ஏன்ப்பா இலையை அந்தப் பக்கம் மடிச்சாரு? கடைசி நாளு மட்டும் ஏன் தன் பக்கம் மடிச்சாரு?"

நிர்மலன் சிரிக்கவில்லை. குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டான்.

"தன் பக்கம் மடிச்சா வெள்ளைச் சட்டையில குழம்பு தெறிச்சிரும், துவைக்கிறப்ப அம்மாகிட்ட மாட்டிக்குவாருக்கா; அன்னைக்குத்தான் தெறிக்க ஒண்ணுமே இல்லியே."