ஞாயிற்றுக்கிழமை ரேஸ்

"தம்பி வலன்ரைன், மேல வயரெல்லாம் இழுத்து என்னதான் செய்யிறியள்? றோட்டில ஆக்கள் ஒரு மாதிரிக் கதைக்கினம்."

கீழ்வீட்டுப் பத்மாவதி அக்கா இப்படிக் கேட்டதும் வலன்ரைன் மாடிப்படியிலேயே நின்றுவிட்டான். கொழும்பு வெள்ளவத்தையில் நாலு தமிழர் ஓர் அறையில் கூடினாலே பொலிஸ் சந்தேகப்படும் யுத்த காலம். மேசை நிறைய வயரும் மோட்டரும் இருந்தால் கேட்கவா வேண்டும்?

"அக்கா, அது விளையாட்டுக் கார் ரேஸ்!"

"எனக்குச் சொல்லி என்ன? பொலிசுக்குச் சொல்லும்."

உண்மையில் விளையாட்டுத்தான். பலகையில் வெட்டிய தடத்தில் கரண்டில் ஓடும் உள்ளங்கையளவு கார்கள். கையிலுள்ள ஸ்விச்சை அழுத்தினால் ஓடும். வளைவில் அளவுக்கு மிஞ்சி அழுத்தினால் தடத்தைவிட்டுப் பறக்கும். இந்த மாடியறையில் கூடும் ரேஸ் கிளப்பை நடத்த வலன்ரைன் ஞாயிறுதோறும் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வருவான். பாதிப் பேர் கனடா போய்விட்டார்கள். மிச்சப் பேரையாவது பிடித்து வைத்திருக்க வேண்டுமே என்பதுதான் அவன் கவலையெல்லாம்.

யாராவது மூட்டிவிடுமுன் தானே முந்திக்கொள்வது புத்தி என்று பட்டது. பொலிசுக்குப் போன் போட்டு, தெரிந்த சிங்களத்தில், வந்து பார்க்கும்படி கெஞ்சினான்.

வந்தார்கள். பெருத்த சார்ஜன்ட் ஒருவர், மொழிபெயர்க்க நிலாம் என்ற கொன்ஸ்டபிள். சார்ஜன்ட் மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துவிட்டு, "ஹொந்தாய்," நல்லது என்று தலையாட்டிப் போனார். வலன்ரைனுக்கு உயிர் வந்தது.

அடுத்த ஞாயிறும் ஜீப் வந்து வாசலில் நின்றது. அதைக் கண்ட அங்கத்தவர்கள் மாடியை நிமிர்ந்தும் பாராமல் கடற்கரைப் பக்கம் நடையைக் கட்டினார்கள். அவர்களில் ஒருவனான இராசரத்தினம் போன் எடுத்தான்.

"மச்சான், நீ பொலிசுக்கு ஆள் எண்டு கதை அடிபடுது. என்ர பேரை வெட்டிவிடு."

வலன்ரைன் எவ்வளவோ மறுத்தும் பலனில்லை. பத்மாவதி அக்காவும் அவனைக் கண்டால் ஜன்னலைச் சாத்தினார்.

சார்ஜன்ட் மனம் குளிர்ந்தால் வரவை நிறுத்துவார், ஜீப் தொலைந்தால் பெடியன்கள் திரும்புவார்கள் என்று கணக்குப் போட்டான். ஸ்விச்சைச் சார்ஜன்டின் கையில் கொடுத்து, தான் தோற்கத் தீர்மானித்தான்.

முதல் வளைவிலேயே சார்ஜன்டின் கார் பறந்தது. பாவம், புதியவர் என்று வலன்ரைன் வேகத்தைக் குறைத்தான். அவர் கார் இன்னும் மெதுவாகப் போனது.

"சேருக்கு நல்ல கை!" என்று புகழ்ந்தான்.

நிலாம் மொழிபெயர்த்தான். சார்ஜன்டின் முகம் வாடியது. மறு ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். தோற்பதற்கு வலன்ரைன் படாத பாடு பட்டும், மனிதர் ஒரு தடவைகூட வெல்லவில்லை.

கடைசியில் ஒருநாள், முடிவுக் கோட்டுக்கு ஒரு சாண் இருக்கையில் வலன்ரைன் ஸ்விச்சிலிருந்து விரலை எடுத்தான். பார்த்தால் பக்கத்துக் காரும் நின்றது.

"சேர் போங்கோ."

"நே, நே. மாத்தயா யன்ன," இல்லை, ஐயாவே போங்கள் என்று சார்ஜன்ட் கையால் வழி காட்டினார்.

இருவருக்கும் வியர்த்து வழிந்தது. கார்கள் அசையவில்லை. சார்ஜன்ட் பெருமூச்சு விட்டு, முகம் கழுவப் போனார். சுவரில் சாய்ந்திருந்த நிலாம் வலன்ரைனின் காதருகே குனிந்தான்.

"அண்ணே, நீங்க போன் பண்ணின நாள்ல இருந்து, இந்தக் கிளப்ப மூடுற வரைக்கும் சேருக்கு ஞாயிறு காவல் இங்கதான் எண்டு மேலிடத்து ஓடர், ஊட்டுக்குப் போக ஏலாத மனுசன், லேசா வெண்டு வெண்டே நீங்க அலுத்துப்போய் மூடிருவீங்க எண்டுதான் வேணுமெண்டே தோக்கிறார்!"