ஆதாரம் கேட்ட மகராசி

பிறர் சொன்னதை அப்படியே நம்பிய பாவத்தை ஒரு தடவைகூடச் செய்யாத பிறவி, தாம்பரம் வட்டாரத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அதுவும் எங்கள் ஹாஸ்டலில், எனக்குப் பக்கத்துக் கட்டிலில். நர்சிங் படிக்க வந்த எங்கள் செட்டில் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘ஆதாரம்’. ஆதார் கார்டு வருவதற்கு முன்பே எல்லோரிடமும் ஆதாரம் கேட்டவள். ‘குட் மார்னிங்’ சொன்னால்கூட ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

ஒருநாள் வார்டன், “ராத்திரி தயிர் சாப்பிட்டா சளி பிடிக்கும். இனிமே கிடையாது” என்று அறிவித்தார்.

“யாருக்குக் குடுத்துப் பார்த்தாங்க மேடம்?” என்றாள் ஆதாரம்.

வார்டனையே சம்மதிக்க வைத்து, ஹாஸ்டலை இரண்டாகப் பிரித்தாள். பாதிப் பேருக்குத் தயிர், பாதிப் பேருக்கு வெறும் ரசம். இரண்டு வாரம் தினமும் ஒவ்வொருத்தி மூக்கையும் நலம் விசாரித்தாள். கடைசியில் சளி பிடித்தது, எந்தக் கட்சியிலும் சேராத வார்டனுக்கு மட்டும்தான். தயிர் திரும்ப வந்தது.

அவள் படிக்கும் விதமும் தனி. வாய்விட்டு இன்னொருவருக்கு விளக்க முடியாத எதுவும் தலையில் ஏறவில்லை என்பது அவள் கட்சி. அதனால் மின்சார ரயிலில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் அவர்களுக்கு ரத்த ஓட்டம் கட்டாயப் பாடம். ஒரு பூக்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு கெஞ்சியே விட்டார்: “யம்மாடி, ரத்தம் நுரையீரலுக்குப் போய்க்கினே இருக்கட்டும். நீ கொஞ்சம் தள்ளு, பல்லாவரம் வந்துகினு கீது!”

எங்கள் தோழி ஜெசிந்தா மாட்டிக்கொண்ட கதை வேறு. காய்ச்சல் நோயாளியைப் பராமரிப்பது பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். பிரவுசிங் சென்டரில் முதலில் வந்த பக்கத்தை அப்படியே பிரின்ட் எடுத்து வந்தாள். ஆதாரம் அதை வாங்கி, “யார் எழுதினது? யாருக்காக?” என்று கேட்டபடியே அடிவரை படித்தாள். பிறகு அமைதியாகச் சொன்னாள்: “ஜெஸி, இது கோழிக்கு வர்ற காய்ச்சல்.”

மூன்றாம் வருஷம் நாங்கள் மூவரும் ஒரே ஆய்வுக் குழு. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியைக் கரைக்கும் முறையை, பீர்க்கன்கரணையில் ஏரிப் பக்கத்துத் தெருக்களில் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். ஒரு மாதம் கழித்து, நினைவிருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும்.

“இந்த வெயில்ல எதுக்குடி? எல்லாரும் கத்துக்கிட்டாங்கன்னு இங்கேயே உட்கார்ந்து எழுதிடலாம்” என்றாள் ஜெசிந்தா.

“எழுதலாம். குழந்தையும் நீ எழுதினதைத்தான் குடிக்குமா?” என்றாள் ஆதாரம்.

போனோம். வாயால் கேட்டால் போதாதாம், கரைத்துக் காட்டச் சொன்னாள். முதல் வீட்டு அக்கா ஒரு முழு பாக்கெட்டையும் சின்ன டம்ளரில் கொட்டிக் கலக்கினார். அவ்வளவு கெட்டியாகக் குடித்தால் பிள்ளைக்கு ஆபத்து. ஆதாரம் முகம் வெளுத்துவிட்டது.

“ஒரு லிட்டர் தண்ணியிலன்னு சொன்னோமேக்கா?”

“சொன்ன, இல்லன்னா சொல்றேன்? கோடு போட்ட கண்ணாடி ஜாடில ஊத்திக் காட்னீங்க. அந்த ஜாடிக்கு நா இன்னா பண்றது? எங்க வூட்ல எங்க கீது?”

ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இதே கதைதான். எங்கள் பாடம் படுதோல்வி.

ஜெசிந்தா அழ ஆரம்பித்தாள். “முடிவைக் கொஞ்சம் மாத்திக்கலாம்டி. நான் ஃபெயிலானா வீட்ல கல்யாணம் பேசிடுவாங்க.”

ஆதாரம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “எனக்கும் பயமாத்தான் இருக்கு ஜெஸி. ஆனா பொய் எழுத மாட்டேன். நானே பேசறேன், திட்டு எனக்கு விழட்டும்” என்றாள்.

தேர்வு நாளில், வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் மேடத்தின் முன் நின்று முதல் வாக்கியத்திலேயே போட்டு உடைத்தாள். “நாங்க சொல்லிக்குடுத்தது வேலைக்கு ஆகலை மேடம்.”

ஜெசிந்தா என் கையை நகம் பதியப் பிடித்தாள். மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

“காலையிலேருந்து நான் பார்த்த எல்லா ப்ராஜெக்டும் வெற்றி. இந்த ஊர்ல இனிமே வியாதியே வராதோன்னு கவலையா இருந்துச்சு. தோத்தது உங்களோடது ஒண்ணுதான். உட்காரும்மா. ஏன் தோத்துச்சு, சொல்லு.”

சொன்னாள். ஜாடிக்குப் பதிலாக, எந்த வீட்டிலும் கிடக்கும் ஒரு லிட்டர் காலி பாட்டிலை வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னாள். மேடம் எங்களைப் பாஸ் போட்டார். கூடவே டீயும் வரவழைத்தார். ஜெசிந்தாவின் கல்யாணம் தள்ளிப்போனது.

அதோடு விட்டாளா? அடுத்த ஞாயிறே, கழுவிய காலி பாட்டில்களை மூட்டையாகக் கட்டி எங்கள் தலையில் ஏற்றினாள்.

“மார்க்தான் போட்டாச்சே!” என்றேன்.

“அந்தப் புள்ளைங்களுக்கு யாரு போட்டாங்க?”

தெருத்தெருவாகப் போய்த் திரும்பச் சொல்லிக்கொடுத்தோம். அந்த முதல் வீட்டு அக்கா பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்து, சரியாகக் கலந்து, ஒரு வாய் குடித்துப் பார்த்து, “கண்ணீரு மாரி கீது” என்றார். கண்ணீரைவிட அதிகமாக உப்புக் கரிக்காவிட்டால் அளவு சரி என்று அர்த்தம்; ஆதாரம் அங்கேயே குதித்தாள்.

இப்போது அவள் பொழிச்சலூரில் இருக்கிறாள். குழந்தைகள் வார்டில் வேலை. நான் இருக்கும் மேடவாக்கத்திலிருந்து அங்கே போவதற்குள் டிராஃபிக்கில் பாதி உயிர் போய்விடும். போய்ச் சேர்ந்தால், நான் சொல்லும் ஒவ்வொன்றையும் குறுக்கு விசாரணை செய்து மீதி உயிரை அவள் வாங்குவாள். ஆனாலும் லீவு கிடைத்தால் முதலில் அவள் வீட்டுக்குத்தான் கிளம்புகிறேன்.