ட்ரெய்னிங்குக்கு எடுத்துவிட்டார்கள்

மரியாதைக்குரிய திருமலை மாமாவுக்கு, ஒரகடத்திலிருந்து உங்கள் அக்கா மகள் ஐஸ்வர்யா வணங்கி எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, தம்பி மூவரும் நலம். நான் மட்டும் பயத்தில் இருக்கிறேன். அங்கே உங்கள் நலமும் அத்தையின் நலமும் கேமராவின் நலமும் அறிய ஆவல். வீட்டில் இருப்பது அப்பாவின் போன் ஒன்றுதான். அதில் அனுப்பினால் அவரே முதலில் படிப்பார் என்பதால், அம்மாவும் தம்பியும் தூங்கிய பிறகு தம்பியின் டார்ச்சை வைத்துக்கொண்டு போர்வைக்குள் எழுதுகிறேன். கையெழுத்தை மன்னிக்கவும்.

முதலில் நன்றி. ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை கோயிலுக்கு வந்தபோது, எங்கள் வீட்டில் நான் வேதியியல் புத்தகத்தோடு ஜன்னலோரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்ததைப் படம் எடுத்து, ‘படிக்கும் பெண்’ என்று பெயரிட்டு, நீங்கள் படங்கள் விற்கும் இணையக் களஞ்சியத்தில் ஏற்றினீர்கள். என் மூக்கு அவ்வளவு லட்சணம் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. எனக்குப் பதினெட்டு ஆகாததால் அப்பாவிடம் சம்மதம் வாங்கி அவர் நம்பரையும் கொடுத்தீர்கள். அதற்கும் நன்றிதான், ஆனால் வினை அங்கே தொடங்கியது. அந்தக் களஞ்சியத்தார் தங்கள் படங்களையெல்லாம் ஏதோ ஒரு ஏஐ கம்பெனிக்கு உரிமம் கொடுத்திருக்கிறார்களாம். போன வாரம் அப்பாவுக்குச் செய்தி வந்தது: ‘ஐஸ்வர்யாவின் படம் பயிற்சிக்கு உரிமம் வழங்கப்பட்ட தொகுப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. விருப்பமில்லையெனில் படத்தை அளித்தவர் மாத இறுதிக்குள் விலக்கிக்கொள்ளலாம்.’

மாமா, நம் பக்கத்தில் ட்ரெய்னிங் என்ற சொல்லுக்குக் கம்பெனியில் வேலைக்கு எடுப்பது என்ற ஒரே அர்த்தம்தான் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா இத்தனை வருஷமாகக் கான்ட்ராக்டிலேயே இருக்கிறார். எந்தக் கம்பெனியும் அவரை ட்ரெய்னியாக எடுத்ததில்லை. அதனால் செய்தியைப் படித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மரகதம், பொண்ண ட்ரெய்னிங்குக்கு எட்த்துட்டாங்க” என்றார். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டு, நேராக முருகனுக்குத் தேங்காய் உடைக்கப் போனார். நான் அப்பாவிடம், அது எனக்கு இல்லை, மெஷினுக்குத்தான் ட்ரெய்னிங் என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். அப்பா சிரித்தார். “மெஷினு இல்லாம எந்த கம்பெனில ட்ரெய்னிங் குட்க்கிறான்?” என்று கேட்டார். மறுநாள் கம்பெனி பஸ் முழுக்கச் செய்தி பரவி, எதிர்வீட்டுப் பேச்சி அக்கா மிக்சர் பொட்டலத்தோடு வந்து, “ஏட்டி, எங்க ஊர்ல தம்பி சும்மாதாம்ல இருக்கான், அவனுக்கும் ஒரு ட்ரெய்னிங் சொல்லி விடேன்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தலையாட்டிவிட்டேன், வேறென்ன செய்ய.

இதில் நல்லதும் நடந்தது, மறைக்கக் கூடாது. அம்மா தினமும் முட்டை வைக்கிறார். தம்பி ஃபேனுக்கு நேரான இடத்தை விட்டுக்கொடுத்தான். அப்பா முதல்முறையாக என் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்து, இதெல்லாம் உனக்குப் புரியுதா என்று கேட்டார். எல்லாம் உங்கள் படத்தால்தான், மாமா. நான் நன்றி கெட்டவள் இல்லை. ஆனால் நேற்று அப்பா, பரீட்சை முடிந்த மறுநாளே வேலையில் சேர்ந்துவிடு, காலேஜுக்கு விண்ணப்பம் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் பி.எஸ்சி. வேதியியல் படிக்க ஆசைப்படுவது உங்களுக்குத் தெரியும். படிக்கும் பெண் எப்படி இருப்பாள் என்று உலகத்து மெஷினுக்கெல்லாம் என்னைக் காட்டப் போகிறார்கள், அந்தப் படத்தாலேயே என் படிப்பு நிற்கப் போகிறது. ஆகவே மாத இறுதிக்குள் தயவுசெய்து என் படத்தை விலக்கிவிடுங்கள். ட்ரெய்னிங் ரத்து என்று செய்தி வந்தால் அப்பா நம்புவார். முடிந்தால் நேரில் வந்து ஏஐ என்றால் என்னவென்று அவருக்கு விளக்கமாகச் சொல்லுங்கள்.

அத்தைக்கு என் வணக்கமும் பாப்பாவுக்கு முத்தமும். வல்லக்கோட்டை முருகன் உங்கள் லென்சில் தூசி விழாமல் காக்கட்டும்.

என்றும் நன்றி மறவாத மருமகள்,
ஐஸ்வர்யா

பின்குறிப்பு: மாமா, செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா போர்வைக்குள் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார். “இன்னா எழுதினுகீற?” என்று வாங்கி, நின்றபடியே முழுக்கப் படித்தார். படித்து முடித்ததும், “அப்ப அந்த மெஷினு உன்னப் பாத்துதான் கத்துக்குதா?” என்று கேட்டார். ஆமாம்ப்பா என்றேன். “அப்ப நீ ட்ரெய்னி இல்ல.” இல்லப்பா என்றேன். “ட்ரெய்னரு” என்றார். பிறகு அம்மாவை எழுப்பி, “டிகிரி இல்லாத ட்ரெய்னர எவன்டி மதிப்பான்? நாளைக்கே காலேஜுக்கு எழுதிப் போடச் சொல்லு” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். ஆகவே மேலே எழுதிய எதையும் செய்யாதீர்கள். படம் அங்கேயே இருக்கட்டும். நேரில் வந்தால் மிகவும் சந்தோஷம், ஆனால் தயவுசெய்து எதையும் விளக்கிவிடாதீர்கள்.