கீரைக்கடை மானுக்குக் கிடைத்த அங்கீகாரம்

ஒவ்வொரு மாவட்டமும் தனக்கே உரிய விநோதம் ஒன்றைத் தெரிவுசெய்து அனுப்ப வேண்டுமென்றும், அவற்றைத் திரட்டி வெளிநாட்டுப் பயணிகளுக்கென ஒரு கைநூல் வெளியிடப்படுமென்றும் கொழும்பிலிருந்து கட்டளை பிறந்தது. விநோதமற்ற மாவட்டங்களிடம் விளக்கம் கோரப்படும் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது.

திருகோணமலையில் குழு கூடியது. துறைமுகத்தைச் சொல்லலாமென்றால் அது கடற்படைக்குரியது. வெந்நீர்க் கிணறுகள் யாருக்கென்று இரண்டு திணைக்களங்கள் கடிதப் போர் நடத்திக்கொண்டிருந்தன. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் தடைசெய்யப்பட்ட பகுதியில் நிற்பதால், கண்ணுக்குத் தெரிந்தாலும் காகிதத்தில் தெரியலாகாது. எஞ்சியது தெருவில் திரியும் கலைமான். ஊருக்குள் நிற்பதால் அது வனத்துக்குச் சொந்தமில்லை; மிருகமாக இருப்பதால் நகரசபைக்கும் சொந்தமில்லை. உரிமைகோர எவருமற்ற அந்த மானைக் குழு ஏகமனதாகத் தெரிவுசெய்தது.

அந்த மான் நாள்தோறும் மேய்வது சந்தை வாசலில் இரத்தினேஸ்வரி விற்கும் கீரையை. அவள் பலமுறை முறையிட்டும், "இந்நகரில் மான் இருப்பதாகப் பதிவில்லை" என்ற பதிலே கிடைத்து வந்தது. மானுக்கு அங்கீகாரம் வந்த செய்தி கேட்டதும் மகிழ்ந்து மாவட்ட அலுவலகமான கச்சேரிக்குப் போனாள். விநோதத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் கனகரத்தினம் கதிரையில் சாய்ந்திருந்தார்.

"ஐயா, மான் இருக்கெண்டு இப்ப நீங்களே ஒத்துக்கொண்டிட்டியள். இனிப் பிடிச்சுக் கட்டுங்கோ. என்ர வீட்டில உலை கொதிக்கிறது அந்தக் கீரையாலதான்."

"ஏலாதம்மா. அது இப்ப அரசாங்கத்தின்ர விநோதம். நீங்கள்தான் அதை விரட்டுற தடியைக் கீழ போடோணும்."

"அப்ப தின்ன விடட்டோ?"

"தின்னுறதுதானே விநோதம்!"

அடுத்த கிழமையே கடையைச் சுற்றி வேலி எழுந்தது. மான் உண்ண வேண்டுமாகையால் கடை அங்கே இருத்தல் வேண்டும். இடையூறின்றி உண்ண வேண்டுமாகையால் கீரை வாங்குவோர் அணுகுதல் ஆகாது. இரத்தினேஸ்வரி குனிந்து நுழைய மட்டும் வேலியில் ஒரு பொட்டு விடப்பட்டது. அவளிடம் நாள்தோறும் கீரை வாங்கும் எங்களுக்கு, "அணுகாதீர்" என்றொரு பலகை. மானோ விரும்பியபோது வேலியைத் தாண்டி வந்து போனது.

பக்கத்துக் கருவாட்டுக் கடை ஸுஹைர் கேட்டான்: "என்னக்கா, மருமகனுக்கு விருந்தோ?"

"சிரி தம்பி, சிரி. நாளைக்கு உன்ர கருவாட்டில ஒரு கூடை தா."

"மான் கருவாடு தின்னுமோ?"

"தின்னாது. அதுதான் கேக்கிறன்."

மறுநாள் கொழும்புப் பிரமுகர்கள் படப்பெட்டியோடு வந்திறங்கினர். வேலிக்குள் கீரை இல்லை, கருவாடு மணத்தது. மான் மூக்கை நீட்டியது, தும்மியது, வரவேற்புப் பந்தலுக்குப் போய்க் குருத்தோலைத் தோரணத்தை உண்ணத் தொடங்கியது. கனகரத்தினம் பதறினார். எங்கிருந்தோ ஒரு பிடி கீரையைப் பறித்துக்கொண்டு, பொட்டுக்குள்ளால் தவழ்ந்து நுழைந்து, "பா, பா" என்று அழைத்தார். படம் எடுக்கப்பட்டது.

கைநூல் வெளிவந்தது. எங்கள் மாவட்டத்துக்குரிய பக்கத்தில் முழந்தாளில் நிற்கும் கனகரத்தினமும் கீரையும். கீழே, "இப்பிரதேசத்துக்கே உரிய விநோதம்" என்ற வாசகம். மானைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கனகரத்தினம் பதவி உயர்வு பெற்றுக் கொழும்புக்குப் போனார்.

வேலியைக் கழற்றித் தரும்படி இரத்தினேஸ்வரி புதிய உத்தியோகத்தரிடம் போனாள்.

"பதிவின்படி இந்த ஊரில மானே இல்லையம்மா. மானில்லாத ஊரில மானுக்கு வேலி எப்படி இருக்கும்? இல்லாத வேலியை நான் எப்படிக் கழற்றுறது?"

திரும்பி வந்து, மீண்டும் கீரையைப் பரப்பிவிட்டு எங்களைக் கூப்பிட்டாள்.

"பலகையைத் தள்ளிப்போட்டு வந்து வாங்குங்கோ."

அங்கே நின்ற நாங்கள் ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், பட்டதாரிகள். "அரசாங்க வேலியில கை வைக்கப்படாது, அக்கா" என்றோம்.

"இல்லாத வேலியிலயுமோ?"

இவ்வினாவின் சட்ட நுணுக்கத்தை நாங்கள் ஆராய்ந்துகொண்டிருக்கையில், கலைமான் எங்களை விலக்கிக்கொண்டு வந்து, வேலியைத் தாண்டி, எங்கள் மதியச் சோற்றுக்குரிய கீரையை மேயத் தொடங்கியது.

இரத்தினேஸ்வரி தடியை எடுத்துக்கொண்டு பொட்டுக்குள்ளால் வெளியே எங்கள் பக்கம் வந்தாள். மானின் பக்கம் அவள் திரும்பவேயில்லை.