கொடியில் காய்ந்த ஆண் சட்டை

நேர்மையாக இருப்பதில் தப்பில்லை. ஆனால் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன், வேலைக்குச் சேர்ந்த சூட்டோடு அரசாங்கக் கஜானாவைக் காப்பாற்றப் புறப்பட்டால் ஊருக்குத்தான் ஆபத்து. அப்படிப் புறப்பட்டவன் நான்.

எழுபதுகளின் கடைசி. ஒரு சின்னக் கருவூல ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். (எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். அரியலூரில் பஸ் ஏறினால் வழியில் வரும்.) அப்போதுதான் ஒரு கூத்து வெளியாகியிருந்தது. செத்துப்போன கணக்குப்பிள்ளை ஒருவரின் பென்ஷனை, அவருடைய மச்சினன் வருஷக்கணக்காகக் கைநாட்டு வைத்து வாங்கித் தின்றிருக்கிறான். கணக்குப்பிள்ளைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் ஆபீசருக்குப் பென்ஷன்காரர் யாரைப் பார்த்தாலும் பிணமாகவே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு மொட்டை மனு வந்தது. செந்துறைப் பக்கத்துக் கிராமத்தில் அஞ்சலை என்றொரு விதவை. புருஷன் தாலுகா ஆபீஸ் டவாலிச் சேவகராக இருந்து இறந்தவர். அவள் இன்னொருவனோடு குடித்தனம் நடத்திக்கொண்டே குடும்ப பென்ஷன் வாங்குகிறாளாம். மறுமணம் செய்தால் பென்ஷன் கிடையாது.

"நேர்ல போ. வூட்டுல ஆம்பள இருக்கானான்னு பாத்துட்டு வா" என்றார் ஆபீசர்.

நான் போனபோது அந்த வீட்டில் அஞ்சலையம்மாவும் சில கோழிகளும்தான் இருந்தார்கள். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்துக் கறுத்துப்போன கைகள். நான் யார் என்று சொன்னதும் அவர் பயப்படவில்லை. அலுப்போடு எழுந்தார்.

"எந்தக் கோழி வேணும் சார்? செவலையா, கருப்பா?"

"கோழி எதுக்கும்மா?"

"போன வருசம் மனு வந்துச்சுன்னு வந்த சார் செவலையத்தான் கேட்டாரு. அதுக்கு முந்தி வந்தவரு முட்ட போடுறதா பாத்து எடுத்துக்கிட்டாரு. பென்சன் நின்னுபோச்சுன்னா நானும் பொண்ணும் என்னத்த சார் திங்கிறது?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. பென்ஷனில் கை வைத்த திருடனைத் தேடி நான் இவ்வளவு தூரம் வந்திருக்க, அவன் எங்கள் ஆபீசிலேயே உட்கார்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தான்.

"வேணாம்மா, நான் அப்படிப்பட்டவன் இல்ல!"

எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. அவர் கருப்புக் கோழியைத் துரத்த ஆரம்பித்துவிட்டார். தடுப்பதற்காக நான் குறுக்கே பாய்ந்தேன். கோழி ஒதுங்கிக்கொண்டது. நான் எருக்குழியில் விழுந்தேன். மழை ஓய்ந்த சமயம் வேறு. லஞ்சம் வாங்காத அதிகாரி கழுத்து வரை சாணியில் நின்றேன்.

நான் குளித்து முடித்ததும், டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு வேட்டியும் காக்கிச் சட்டையும் எடுத்துத் தந்தார்.

"அவருதுங்க. போட்டுக்குங்க சார்."

சட்டையில் இரண்டு நான் புகலாம். என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவர், சட்டையைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். என் துணிகளை அலசிக் கொடியில் போட்டுவிட்டு, அவர் காப்பி போடப் போனார்.

கொடியில் ஆண் சட்டை! எதிர்வீட்டு ராசாங்கம் இதற்காகத்தான் காத்திருந்தார். செத்தவருக்குப் பங்காளி, அஞ்சலையம்மாவின் முந்திரித் தோப்பின் மேல் கண். மொட்டை மனு எழுதியவரும் அவரேதான். கிராம முன்சீப்பையும் தெரு ஜனத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"பாத்துக்குங்க! செத்தவன் சட்டையவே மாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கான்!"

"யாருய்யா நீ?" என்றார் முன்சீப்.

"இந்த வூட்டுல ஆம்பள இருக்கானான்னு விசாரிக்க வந்தேங்க."

(அதைவிட மோசமான பதிலை இன்றுவரை என்னால் யோசிக்க முடியவில்லை.) ஒருவரும் நம்பவில்லை, தெருவே சிரித்தது. அஞ்சலையம்மா மட்டும் காப்பி டம்ளரோடு அப்படியே நின்றார்.

நடந்ததை ஆபீசில் சொல்ல வெட்கப்பட்டு, அறிக்கை எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் ஆபீசுக்குப் புது மனு வந்தது. இந்தத் தடவை மொட்டை இல்லை. முன்சீப் கையெழுத்தோடு வந்திருந்தது. அஞ்சலை வீட்டில் அடையாளம் தெரியாத ஆண் ஒருவனை நேரில் கண்டோம் என்று சாட்சி சொன்னது. ஆபீசர் பென்ஷனை நிறுத்தப் பேனாவைத் திறந்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மானம் தப்பும், அந்தம்மாவின் சோறு போகும். உட்கார்ந்து அறிக்கை எழுதினேன்.

"மேற்படி வீட்டில் காணப்பட்ட மேற்படி ஆண் நானே. கொடியில் காய்ந்த மேற்படி சட்டையும் என்னுடையதே. மேற்படி ஆண் கோழி வாங்க மறுத்ததால் எருக்குழியில் விழ நேர்ந்தது. இதற்கு முன் விசாரணைக்குச் சென்று கோழி வாங்கியவர்கள் எவரும் விழவில்லை."

ஆபீசர் இரண்டு தடவை படித்தார். "இத மேல அனுப்பணுமாய்யா?"

"அனுப்புங்க சார்."

பென்ஷன் நிற்கவில்லை. எங்கள் தலைமைக் குமாஸ்தாதான் ரிட்டயர் ஆகும்வரை என்னோடு பேசவில்லை. (செவலைக் கோழி யாருக்குப் போனது என்று அப்போதுதான் தெரிந்தது.) அன்று போட்டபடியே வந்துவிட்ட காக்கிச் சட்டையைத் துவைத்துத் தேய்த்து எடுத்துக்கொண்டு போய், அஞ்சலையம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். தெருவில் நின்றபடியேதான் சொன்னேன். அன்று பாதியில் நிறுத்திய சிரிப்பை அவர் சிரித்து முடித்தார்.

கல்யாணமான புதிதில் இந்தக் கதையை மனைவியிடம் உளறித் தொலைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் பெயர் 'மேற்படி'. பேரப்பிள்ளைகள்கூட மேற்படித் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இப்போது நானும் பென்ஷன்காரன். உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட வருஷா வருஷம் கருவூலத்துக்குக் கிளம்பும்போது, மனைவி வாசல்வரை வந்து சட்டைக் காலரைச் சரிசெய்வாள்.

"சட்ட யாரோடதுன்னு கேட்டா உண்மையச் சொல்லிடுங்க."