மேல்மாடிக்குக் குடிவந்த பழைய டெப்லட்டுகள்

காத்தான்குடி
ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்குரிய பதியுதீன் மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் கீழ்வீட்டில் எல்லோரும் சுகம். மேல்மாடி சுகமில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உங்கள் மகன், என் மூத்த மருமகன் ஸாஹிர், இந்த நிமிடம் பக்கத்து அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார். மருமகனை முகத்துக்கு நேரே ஏச நமக்கு வழக்கமில்லை. ஆகவே அவருக்குரிய ஏச்சை ஏறாவூருக்கு உங்களிடம் அனுப்புகிறேன். குறையாமல் அவரிடம் ஒப்படைக்கவும்.

கீழ்வீடு மூத்தவள் றுமைஸாவுக்கு, மேல்மாடி இளையவள் நிஸ்றாவுக்கு என்று நான் சீதனமாகக் கட்டியது உங்களுக்குத் தெரியும். நானும் பெண்சாதியும் சோறாக்கும் குசினிக்குப் பக்கத்து அறையில் கிடக்கிறோம். ஆனால் மருமகன் கட்டாரிலிருந்து ஏழு பெட்டியோடு வந்து மேல்மாடியை நிரப்பிவிட்டார். அவ்வளவும் பழைய டெப்லட் கணினி. எண்பத்தொன்பதாம் ஆண்டில் வந்தது மட்டும் இரண்டு கிலோ இருக்கும். தொண்ணூற்று மூன்றில் வந்தது, பேனையால் எழுதினால் ஒழுங்காக வாசிக்கத் தெரியாமல் உலகமே சிரித்ததாம். அதற்கும் முன்னால், அறுபத்தெட்டில், ஒரு அமெரிக்கன் பிள்ளைகளுக்கு இப்படியொன்று வேண்டும் என்று யோசித்து, அட்டையில் மாதிரி செய்து பார்த்தானாம். அந்த யோசனைக்கும் மருமகன் அட்டையில் ஒன்று வெட்டி ஒட்டி, தனி அலுமாரி கொடுத்திருக்கிறார். கடலோடு சேர்ந்த வாவிக் காற்றின் உப்புப் பட்டால் பழுதாகுமென்று யன்னல்களை அடைத்து ஏசியும் போட்டாயிற்று. எனக்கு ஒரு பழைய காற்றாடி, அதுவும் ஒரு பக்கம் மட்டும்தான் திரும்பும்.

போன வெள்ளி ஓட்டமாவடியிலிருந்து நிஸ்றாவுக்குப் பேசிவந்த மாப்பிள்ளை அஸ்கரும் அவருடைய வாப்பாவும் வீடு பார்க்க வந்தார்கள். மருமகன் அவர்களை மேலே கூட்டிப்போய் அறுபத்தெட்டில் தொடங்கினார். ஒன்றரை மணித்தியாலம். இரண்டாயிரத்து இரண்டுக்கு வரும்போது அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டது. கீழே அவர்களுக்கென்று இனிப்பாகச் செய்துவைத்த வட்டிலப்பம் தொடுவாரில்லை.

மாப்பிள்ளையின் வாப்பா பாவம், அந்த இரண்டு கிலோவைக் கையில் வாங்கி, "இதுல போன் எடுக்க ஏலுமா மனே?" என்று கேட்டார்.

"ஏலா மாமா. இதெல்லாம் சரிவராமப் போனது. இதுகள் தோத்துத்தான் இப்ப கையில இரிக்கிறது வந்திரிக்கி."

தோற்றதற்கெல்லாம் என் மகளின் சீதன வீடுதானா கிடைத்தது? அந்த மனிசன், "யோசிச்சிச் சொல்றம்" என்று சொல்லிவிட்டு வட்டிலப்பத்தை வாயிலும் வைக்காமல் போனார். மாப்பிள்ளை மேல்மாடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். இரண்டு நாளாகத் தகவல் இல்லை. நிஸ்றா சாப்பிடாமல் படுத்துக்கிடக்கிறாள். அவளுடைய அழுகையைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை மச்சான். கடிதம் கண்ட உடனே ஒரு லொறியோடு வந்து, உங்கள் மகன் கொண்டுவந்த அவ்வளவையும் ஏற்றிக்கொண்டு போங்கள். அட்டையையும் விட வேண்டாம்.

உங்கள் வீட்டார் அனைவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும், மகனை வளர்த்த உங்களுக்குக் கொஞ்சம் வெட்கத்தையும் தரட்டும். வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
முகைதீன்பாவா

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டப்போகும்போது ஓட்டமாவடியிலிருந்து போன் வந்தது. மாப்பிள்ளை அஸ்கரிடமும் இதே சாமான் பதினாறு இருக்கிறதாம். அதைக் கண்டுதான் அவருக்கு முன்னர் பேசிய இரண்டு சம்பந்தமும் குழம்பியதாம். அவர்கள் யோசித்தது, நம் மேல்மாடியில் அவ்வளவுக்கும் இடம் காணுமா என்றுதானாம். காணும் என்று சொல்லிவிட்டேன். நிஸ்றா எழும்பிச் சாப்பிடுகிறாள். மருமகனிடம் அந்த ஏச்சை ஒப்படைத்துவிட வேண்டாம். லொறியை மட்டும் ஓட்டமாவடிக்கு அனுப்புங்கள்.