அரசாங்கத்துக்கு நான் யாருக்கும் அப்பா இல்லை

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

டுலூத்திலிருந்து தம்பி மெர்ல் எழுதுவது. நானும் கொரினும் குழந்தை டெஸ்ஸும் நலம். உன் நலமும், மச்சானுடைய முதுகின் நலமும் அறிய ஆவல்.

விஷயம் என்னவென்றால், உன் வீட்டுக் கீழ்த்தள அறை காலியாக இருக்கிறதா? கொரின் இத்தனை வருஷம் படித்துக்கொண்டிருந்ததால் டெஸ்ஸை நான் வளர்க்கும் பிள்ளை என்று என் வரிக் கணக்கில்தான் காட்டுவேன், வரியும் குறையும், உனக்கே தெரியும். இந்த முறை அனுப்பியதும் திரும்பி வந்துவிட்டது. இந்தக் குழந்தையை ஏற்கெனவே வேறொருவர் காட்டிவிட்டாராம். எவனோ என் மகளின் அரசாங்க அடையாள எண்ணைத் திருடிவிட்டான் என்று பதறி நேரே காவல் நிலையத்துக்கு ஓடினேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வீட்ல வேற யாராவது வரி கட்றாங்களா சார்?” என்றார். “கொரின் கட்றா. போன வருஷம் பல் ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேர்ந்தா” என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

வீட்டில் கொரின் சூப் கிண்டிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். “திருடி நான்தான். பெத்தவ காட்டக் கூடாதா?”

“அப்ப நான் யாரு, வாடகைக்கு இருக்கிறவனா?”

எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. குழந்தைக்கும் அவள் குடும்பப் பெயர். நான் அப்பா என்று வருஷா வருஷம் என் கையால் எழுதுகிற இடம் அந்தப் படிவத்தில் ஒரே ஒரு வரிதான் அக்கா. அதை எப்படி விடுவது?

நூலகத்தில் இலவசமாகக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் லிண்ட்க்விஸ்ட் அம்மாவிடம் போனோம். “ஒருத்தர்தான் காட்டலாம். யாருன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. ரெண்டு பேரும் விடலன்னா வருமானம் கூடுதலா உள்ளவங்களுக்குத்தான்” என்றார். கூடுதல் வருமானம் கொரினுக்கு. நான் விடுவேனா? “கல்யாணம் பண்ணிக்கிட்டா சேர்ந்தே காட்டலாம்ல?” என்றேன். கொரின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மா, “போன வருஷத்துக்குச் செல்லாது தம்பி. இனிமே காட்டலாம். ஆனா உங்க ரெண்டு பேர் சம்பளத்துக்கு வரி கூடத்தான் வரும்” என்றார்.

“அப்படியா? அப்ப வேண்டாம்.”

வாய் தவறி வந்துவிட்டது அக்கா. நூலகமே அமைதியாகிவிட்டது. நூலகம் என்பதால் அதற்கு முன்பும் அமைதிதான்.

வீடு வந்ததும் கொரின் சொன்னாள்: “ஏழு வருஷமா நீ கேக்கல, நானும் கேக்கல. இன்னைக்குக் கேட்ட. கேட்ட வேகத்துல வாபஸும் வாங்கிட்ட.” அதோடு பேச்சு நின்றது. நான் சோபாவில் படுக்கிறேன். டெஸ்ஸை அவளே காட்டிக்கொள்ளட்டும் என்று என் கணக்கைத் திருத்தி அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என் சாமான்களோடு வருகிறேன். சோபாவோ அறையோ எதுவானாலும் சரி, ஜன்னல் இருந்தால் நல்லது.

மச்சானுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் தம்பி,
மெர்ல்

பி.கு.: அறை வேண்டாம். வெள்ளிக்கிழமை நீதிமன்றத்தில் எனக்கும் கொரினுக்கும் கல்யாணம்; மச்சானையும் கூட்டிக்கொண்டு வா. இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை எங்கே என்று அவளிடம் கேட்கப் போனவன், “வரி கூடுனாலும் பரவால்ல, என்னைக் கட்டிக்கிறியா?” என்று கேட்டுவிட்டேன். கொரின் யோசிக்கவே இல்லை. “எவ்வளவு கூடும்னு அன்னைக்கே அந்த அம்மாகிட்ட போன் பண்ணிக் கேட்டுட்டேன். தாங்கலாம்” என்றாள்.